ராட்சதனைக் கீறுவது எப்படி: ஒரு ரெஸ்லிங் வீரரின் வாழ்க்கையைச் சித்திரக்கதைப் புத்தகமாக்க முழுமையான வழிகாட்டி

திருகோணமலையில் படம் கீறத் தெரிந்த பெடியன்களிடம் “ஒரு ரெஸ்லிங்காரரின் வாழ்க்கையைச் சித்திரக்கதையாகப் போடுவோமா” என்று கேட்டுப் பாருங்கள். அடுத்த நிமிடமே கொப்பியின் பின்பக்கத்தில் இரண்டு தோள், விரிந்த நெஞ்சு, வயிற்றில் ஆறு கட்டித் தசை எல்லாம் வந்துவிடும். முகம் கூட இருக்காது. தசை கீறுவதில் தப்பில்லை, ஆனால் அது கடைசி வேலை.

முதல் வேலை வேறு. தொழில்முறை ரெஸ்லிங்கில் ஒரு வீரரைப் பற்றி வெளியே வந்த செய்திகளில் பெரும்பாலானவை டிக்கெட் விற்பதற்காகச் சொல்லப்பட்டவை. உயரம், எடை, பிறந்த ஊர், பகை, காயம் எதையும் அப்படியே எடுக்க முடியாது. அதே நேரம் ரிங்குக்குள் விழுந்த உடம்பு உண்மையாகவே விழுந்தது. இந்த இரண்டையும் பிரித்து, பிரித்தது வாசகரின் கண்ணுக்குத் தெரியும்படி கீறினால்தான் அது வாழ்க்கை வரலாறு. இல்லாவிட்டால் போட்டிகளை நடத்தும் கம்பனியின் விளம்பரத்தைக் கட்டம் போட்டுத் திரும்ப வெளியிட்டதாகத்தான் முடியும்.

கீழே உள்ள படிகளுக்கு உதாரணமாக ஒரே ஆளை எடுத்திருக்கிறேன்: ராட்சத உடம்புக்குப் பேர்போன பிரெஞ்சு ரெஸ்லர் அந்த்ரே த ஜயன்ட். 32 பக்கம், கறுப்பு வெள்ளை, ஏ-5 அளவு. வீட்டு மேசையில் செய்து முடிக்கக்கூடிய புத்தகம்.

படி 1: ஆளைத் தெரிவு செய்தல்

ஜோன் சீனா, அண்டர்டேக்கர் என்றுதான் முதலில் பெயர்கள் வரும். நான் வேண்டாம் என்பேன். வாழும் ஒருவரின் கதை இன்னும் முடியவில்லை, அவரைச் சுற்றிய கம்பனிப் பேச்சும் ஓயவில்லை. முடிந்துபோன வாழ்க்கையில் மட்டுமே எது நின்றது, எது காற்றோடு போனது என்று பார்க்க முடியும்.

நமக்குப் பக்கத்து ஆள் வேண்டுமென்றால் தாரா சிங் அருமையான தெரிவு. 1928-இல் பஞ்சாபின் தர்முசக் கிராமத்தில் பிறந்து, 1947-இல் சிங்கப்பூருக்குப் போய், 1968-இல் பம்பாயில் அமெரிக்க ரெஸ்லர் லூ தெஸை வென்றவர். 1980-களின் தொலைக்காட்சி இராமாயணத்தில் அனுமனாக வந்தவரும் அவர்தான். 2003 முதல் 2009 வரை மாநிலங்களவை உறுப்பினர். 2012-இல் மறைந்தார். அவரோடு பலமுறை மோதிய கிங் கொங், ஹங்கேரியரான எமில் சாயா, 1970-இல் கார் விபத்தில் காயப்பட்டுச் சிங்கப்பூரில் இறந்தார். இந்த இருவரையும் சேர்த்து ஒரு புத்தகம் தமிழில் வந்தால் நான் முதல் ஆளாக வாங்குவேன். நம் தாத்தாமார் வாயைத் திறந்தால் இந்த இரண்டு பெயரும் வரும்.

நான் அந்த்ரேயை எடுத்ததற்குக் காரணம் அவருடைய உடம்பு. அவரைப் புகழுக்குக் கொண்டுபோனதும் அதுதான், கொன்றதும் அதுதான். படத்தால் சொல்லவேண்டிய கதை என்றால் இதுதான். எழுத்தில் “மிகப் பெரிய கை” என்று எத்தனை தரம் எழுதினாலும், அந்தக் கைக்குள் ஒரு பியர் கேன் காணாமல் போவதை ஒரு கட்டத்தில் காட்டுவதற்கு ஈடாகாது.

படி 2: மூன்று கொப்பி

இதில் அவசரப்படாதீர்கள். கீறுவதற்கு ஆகும் நேரத்தில் பாதியாவது இங்கே போகவேண்டும்.

மூன்று கொப்பி வாங்குங்கள். முதலாவதில், ரிங்குக்குள் நடந்து கமராவில் பதிவானது. இரண்டாவதில், அறிவிப்பாளரும், போட்டியை ஒழுங்குசெய்யும் புரமோட்டரும், போஸ்டரும் சொன்னது. மூன்றாவதில், ரிங்குக்கு வெளியே நடந்து, குடும்பத்தாரோ கூட வேலை செய்தவர்களோ ஆவணங்களோ உறுதி செய்வது. நீங்கள் வாசிக்கும், பார்க்கும் ஒவ்வொரு தகவலும் இந்த மூன்றில் ஒன்றுக்குள் போகவேண்டும். எதற்குள் போடுவது என்று தெரியாத தகவலைப் புத்தகத்தில் சேர்க்காதீர்கள்.

மூன்றாவது கொப்பியிலிருந்து தொடங்குவோம். அந்த்ரே ரெனே ரூசிமோஃப், 1946 மே 19-இல் பிரான்ஸில் கூலோமியே என்ற ஊரில் பிறந்தார், பக்கத்தில் மோலியன் என்ற சிறு கிராமத்தில் வளர்ந்தார். தகப்பன் பல்கேரியர், தாய் போலந்துக்காரி. தோட்ட வேலை செய்த குடும்பம். பாரிஸுக்குப் போய் ரெஸ்லிங் பழகினார். 1970-இல் ஜப்பானுக்குப் போனபோது அங்கே ஒரு மருத்துவர் அவருக்கு அக்ரோமெகலி என்ற நோய் இருப்பதைக் கண்டுபிடித்தார். மூளையின் அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பி வளர்ச்சி ஹோர்மோனை அளவுக்கு மீறிச் சுரந்துகொண்டே இருப்பதால் வருவது. எலும்பு நீளும் வயதில் அது தொடங்கினால் ஆள் ராட்சத உயரம் போவார். அந்த வயது கடந்த பிறகும் நிற்காமல் தாடை, நெற்றி, கை, கால் தடித்துக்கொண்டே போகும். இதயமும் பெருக்கும்.

இனி இரண்டாவது கொப்பி. அதில் வேடிக்கை நிறைய.

1973-இல் நியூயோர்க்கில் மூத்த வின்ஸ் மக்மேன் அவரைத் தன் கம்பனிக்குக் கொண்டுவந்தபோது வைத்த பெயர்தான் அந்த்ரே த ஜயன்ட். அறிவித்த உயரம் 7 அடி 4 அங்குலம். ரெஸ்லிங் உலகில் அறிவிக்கும் உயரத்தில் ஒன்றிரண்டு அங்குலம் வாய்ப்பேச்சு என்பது எல்லோருக்கும் தெரிந்த கதை. நாங்கள் சின்ன வயதில் உயரம், எடை, நெஞ்சளவு என்று இலக்கம் போட்ட ரெஸ்லிங் காட் வைத்து விளையாடினோமே, அந்த இலக்கமெல்லாம் இந்தக் கொப்பிக்குரியவை.

1987 மார்ச் 29, மிஷிகனின் பொன்டியாக் சில்வர்டோம் அரங்கு, கம்பனியின் வருடாந்தப் பெருவிழாவான ரெஸ்ல்மேனியா, மூன்றாவது தரம். ஹல்க் ஹோகன் அந்த்ரேயைத் தூக்கி அடிக்கிறார். கம்பனி சொன்ன பார்வையாளர் தொகை 93,173. செய்தியாளர் டேவ் மெல்ட்சர் சொல்வது ஏறக்குறைய 78,000. அந்த்ரே 15 வருடம் தோற்றதே இல்லை என்றார்கள், அதற்கு முன்பே தோற்றிருக்கிறார். அவரை யாருமே தூக்கி அடித்ததில்லை என்றார்கள். ஹார்லி ரேஸ் அடித்திருக்கிறார், மெக்ஸிகோவின் எல் கனெக் அடித்திருக்கிறார். எல்லாவற்றையும் விட, 1980 ஓகஸ்டில் ஷே மைதானத்தில் இதே ஹோகன் அந்த்ரேயைத் தூக்கிப் போட்டிருக்கிறார்! ஏழு வருடத்தில் அதை மறந்துவிடுங்கள் என்று கம்பனி சொன்னது, அரங்கு நிறைய ஆட்களும் சந்தோஷமாக மறந்தார்கள்.

இன்னொன்று இதைவிட நல்லது. 1981-இல் கில்லர் கான் என்ற வீரர் மேல் கயிற்றிலிருந்து பாய்ந்து அந்த்ரேயின் கணுக்காலை முறித்தார் என்று சொல்லி, அதை வைத்து மாதக்கணக்கில் பகை ஆட்டம் நடத்தினார்கள். பிறகு வெளிவந்த கதையின்படி, அந்த்ரேயின் கணுக்கால் முறிந்தது படுக்கையிலிருந்து எழும்பும்போது. இந்த ஒரு சம்பவத்துக்கு இரண்டு பக்கம் ஒதுக்குங்கள். இடப்பக்கத்தில் பாய்ச்சல், வலப்பக்கத்தில் ஹோட்டல் அறை, கட்டிலிலிருந்து தொங்கும் கால். ஒரு வசனமும் வேண்டாம்.

சில தகவல்கள் கொப்பிகளுக்கு நடுவே நிற்கும். எழுத்தாளர் சாமுவேல் பெக்கெட் அந்த்ரேயின் ஊருக்கு அருகே வீடு வைத்திருந்தார், ஊர்ப் பிள்ளைகளைத் தன் வாகனத்தில் ஏற்றிப் போயிருக்கிறார். அந்த்ரேயும் அதில் போனதாகவும் இருவரும் கிரிக்கெட் பற்றிப் பேசியதாகவும் அந்த்ரேயே சொல்லியிருக்கிறார். பெக்கெட் இளமையில் டப்ளின் பல்கலைக்கழகத்துக்காக முதல்தரக் கிரிக்கெட் ஆடியவர் என்பதால் நம்பலாம். ஆனால் “ஸ்கூல் பஸ்ஸுக்குள் நுழைய முடியாத பையனை நோபல் பரிசு எழுத்தாளர் நாள்தோறும் தனியாகக் கூட்டிப்போனார்” என்று கதை பெருத்திருக்கிறது. நோபல் கிடைத்தது 1969-இல், அப்போது அந்த்ரேக்கு 23 வயது, ஊரை விட்டுப் போய்விட்டார். எனவே பெக்கெட்டின் வாகனத்தின் பின்னால் நாலைந்து பிள்ளைகளைக் கீறுங்கள், அதில் ஒருவன் மட்டும் கொஞ்சம் பெரியவன். போதும்.

படி 3: மூன்று கொப்பிக்கு மூன்று கோடு

பிரித்து வைத்ததை வாசகருக்கு எப்படித் தெரிவிப்பது? “இது உண்மை, இது கட்டுக்கதை” என்று கட்டத்துக்குக் கீழே எழுதினால் பாடப்புத்தகமாகிவிடும். கோட்டையே மாற்றுங்கள்.

ரிங்குக்குள் நடப்பதை பிரஷ்ஷால், தடித்த கோட்டில், பின்னால் முழுக்கறுப்பு நிரப்பிக் கீறுங்கள். புரமோட்டர் சொன்னதைப் போஸ்டர் மாதிரி: பெரிய எழுத்து, நட்சத்திரம், புள்ளி நிழல், ஆள் எப்போதும் கீழிருந்து பார்த்த கோணத்தில். ரிங்குக்கு வெளியே உள்ள வாழ்க்கையை மெல்லிய பேனையால், வெள்ளையை நிறைய விட்டு. ஐந்தாறு பக்கம் போனதும் வாசகர் தானாகவே பிடித்துக்கொள்வார். அதன் பிறகு நீங்கள் விளையாடலாம். மெல்லிய கோட்டு ஹோட்டல் அறைக்குள் போஸ்டர் பாணியில் ஒரு வாக்கியம் நுழைந்தால், அந்த மனிதர் தன் கட்டுக்கதையைத் தானே சுமந்து திரிகிறார் என்பது சொல்லாமலே தெரியும்.

“அண்ணே, அதெல்லாம் உண்மையான அடியோ, நடிப்போ?” என்று கேட்கும் தம்பிமாருக்கு நான் நம் கிழக்கின் வடமோடி நாட்டுக்கூத்தைத்தான் காட்டுவேன். போரில் யார் வெல்வார் என்பது கூத்தைப் பழக்கிய அண்ணாவியாருக்கும் தெரியும், சபைக்கும் தெரியும். விடிய விடிய ஆடியவனின் கால் வீக்கம் யாரும் எழுதிக் கொடுத்ததில்லை. பிரஷ் கோட்டுக்கும் பேனைக் கோட்டுக்கும் நடுவில் நீங்கள் பிடிக்கவேண்டியது அந்த வீக்கத்தை.

படி 4: எதை விடுவது

32 பக்கத்துக்குள் ஒரு ஆயுள் அடங்காது. ஏழெட்டுத் தருணங்களைத் தெரிந்தெடுத்து மற்றதையெல்லாம் விடுங்கள். என் பட்டியல் இது: மோலியன் சிறுவன், பாரிஸ், ஜப்பான் மருத்துவர், நியூயோர்க் பெயர்சூட்டல், கணுக்கால், சில்வர்டோம், முதுகு, பாரிஸில் மரணம். 1976-இல் குத்துச்சண்டை வீரர் சக் வெப்னரைக் கயிற்றுக்கு மேலால் தூக்கி வெளியே எறிந்தது சுவையான காட்சிதான், ஆனால் கதையை நகர்த்தாது. கீற ஆசையாக இருந்தால் பின் அட்டைக்கு வையுங்கள்.

பிறப்பில் தொடங்காதீர்கள். உலகத்திலுள்ள வரலாற்றுப் புத்தகம் எல்லாம் தொட்டிலில்தான் தொடங்குகிறது. அந்த்ரே விமானத்தில் ஜப்பான் போவதிலிருந்து தொடங்கலாம். விமானக் கழிப்பறைக்குள் அவரால் நுழையவே முடியாது என்று கூடப் பயணம் செய்தவர்கள் சொல்லியிருக்கிறார்கள். பத்து மணிக்கு மேற்பட்ட நேரப் பயணம், சுற்றிவர அந்நியர்கள், ஒடுக்கமான ஆசனம். உலகத்தை வென்ற ராட்சதனின் முதற்காட்சி இதுவென்றால் வாசகர் அவர் பக்கம் சாய்ந்துவிடுவார்.

படி 5: பக்கக் கணக்கு

ஒரு ஏ-4 தாளை மடித்தால் ஏ-5 அளவில் நான்கு பக்கம். எட்டுத் தாள், 32 பக்கம், அட்டை தனி. நடுவில் ஊசி அடிக்கும் புத்தகத்தில் 16-ஆம், 17-ஆம் பக்கங்கள் மட்டும் ஒரே தாளின் ஒரே முகத்தில் பக்கத்துப் பக்கமாக வரும். மற்ற எந்தப் பக்கச் சோடியிலும் படம் நடுவில் சற்று விலகிப்போகும். ஆகவே சில்வர்டோமில் ஹோகன் தூக்கும் காட்சிக்கு இடம் 16, 17 தான்.

உச்சக்காட்சியை நடுவில் வைத்தால் பிறகு என்ன மிச்சம் என்று கேட்பீர்கள். மிச்சம்தான் புத்தகமே. அந்தப் போட்டிக்கு முன்பே அவருக்கு முதுகில் சத்திரசிகிச்சை நடந்திருந்தது. ஒற்றைத் தோளில் மாட்டும் கறுப்பு உடைக்குள் முதுகுப் பட்டி கட்டியிருந்தார். அதன் பிறகும் பல வருடம் ரிங் ஏறினார். 1993 ஜனவரியில் தகப்பனின் மரணச் சடங்குக்காகப் பிரான்ஸ் போனவர், பாரிஸ் ஹோட்டல் ஒன்றில் தூக்கத்திலேயே இதயம் நின்று இறந்தார். வயது 46. அதே வருடம் கம்பனி தன் புகழ் மண்டபத்தைத் தொடங்கியபோது முதற்பெயர் அவருடையது. பின்பாதிப் பதினைந்து பக்கமும் இதற்குத் தேவை.

இன்னொரு நுணுக்கம். பக்கத்தைப் புரட்டியதும் கண்ணில் படுவது இடப்பக்கம், அதாவது இரட்டை எண் பக்கம். அதிர்ச்சிகளை அங்கே வையுங்கள். வலப்பக்கத்தின் கடைசிக் கட்டத்தில் கேள்வியோ காத்திருப்போ இருக்கட்டும்.

முதலில் முழுப் புத்தகத்தையும் தீப்பெட்டி அளவுச் சிறு கட்டங்களாக இரண்டு தாளில் போட்டுப் பாருங்கள். மனிதர்கள் குச்சி, பேச்சு நெளிகோடு. அதைச் சுவரில் ஒட்டிவைத்து நாலடி தள்ளி நின்று பாருங்கள். கறுப்புப் பக்கங்கள் ஒரே இடத்தில் குவிந்திருந்தால் ரிங் காட்சி கூடிவிட்டது.

படி 6: உடம்பு

சாதாரண மனிதரைக் கீறும்போது உயரம் ஏழரைத் தலை என்று ஓவிய வகுப்பில் சொல்லித்தருவார்கள். சித்திரக்கதைக் கதாநாயகனுக்கு எட்டு, எட்டரை என்று நீட்டுவார்கள். அந்த்ரேக்கு இதைச் செய்தால் கெட்டது. அவர் நீட்டிய மனிதரல்ல. தலையும் சேர்ந்தே பெருத்தவர், எனவே ஏழு தலைக்குள் நிறுத்துங்கள். புருவ எலும்பு முன்னே தள்ளட்டும், தாடை நீளட்டும், விரல் ஒவ்வொன்றும் தடிக்கட்டும். முடி சுருள். கண்ணை மட்டும் சிறிதாக, மென்மையாக விடுங்கள். இளமையில் அவர் உடம்பு ஒல்லி, வேகமானது, பாய்ந்து உதைப்பார். 1970-ஐயும் 1990-ஐயும் ஒரே உடம்பாகக் கீறினால் கதை போய்விடும். பத்து வருடத்துக்கு ஒரு மாதிரிப் படம் என்று மூன்று செய்து மேசைக்கு முன்னால் ஒட்டிவையுங்கள்.

ஆளைப் பெரிதாகக் காட்டுவது ஆளைப் பெரிதாகக் கீறுவதால் வராது. பக்கத்தில் இருக்கும் பொருளால் வரும். கட்டத்துக்குக் கட்டம் ஒரு கதவு, ஒரு கதிரை, ஒரு கோப்பை, ஒரு டெலிபோன் இருக்கட்டும். வெறும் பின்னணியில் நிற்கும் ராட்சதன் வெறும் மனிதன்தான். பழக வேண்டுமென்றால் ஊரில் பாருங்கள்: கிண்ணியா பஸ்ஸில் உயரமான ஒருவர் ஏறினால் கழுத்து எந்தப் பக்கம் வளைகிறது, கை எந்தக் கம்பியைப் பிடிக்கிறது, முழங்கால் முன் ஆசனத்தில் எங்கே முட்டுகிறது. பிறகு வீட்டுக்கு வந்து அந்த ஆளை ஒன்றரை மடங்கு ஆக்குங்கள், பஸ்ஸை அப்படியே விடுங்கள்.

ஜிம் கண்ணாடி முன்னால் நிற்கும் உடம்பு இதற்கு உதவாது. பாரம் இழுக்கும் உடம்புதான் வேண்டும். உப்புவெளிப் பக்கம் விடியற்காலையில் கரைவலை இழுப்பவர்களைக் கீறப் போங்கள். குதிகால் மணலில் புதைந்து, இடுப்பு பின்னே சாய்ந்து, முதுகுத் தசை கயிற்றின் திசையில் இழுபடுவதை வேறெங்கும் இவ்வளவு தெளிவாகப் பார்க்க முடியாது. ஒரு ரெஸ்லர் இன்னொருவரைத் தூக்கும்போது வேலை செய்வது அதே முதுகும் இடுப்பும் தொடையும்தான், புஜம் வெறும் கொக்கி. கேட்டுவிட்டுக் கீறுங்கள், முடிந்தால் நீங்களும் கொஞ்ச நேரம் இழுத்துக் கொடுங்கள், அடுத்த நாள் எந்த இடம் நோகிறதோ அந்தத் தசையைத் தப்பாமல் கீறுவீர்கள்.

வேகமாகக் கீறிப் பழக பிரட்றிக் கோட்டை மான்கள் போதும். கோணேசர் கோயிலுக்குப் போகும் வழியில் நிழலில் படுத்திருக்கும். நீங்கள் பென்சிலை எடுத்ததும் எழும்பிப் போகும். அரை நிமிடத்தில் ஒரு உடம்பின் சாய்வைப் பிடிக்கப் பழகிவிட்டால் போட்டி வீடியோவை நிறுத்தாமல் ஓடவிட்டே கீறலாம்.

படி 7: ரிங்கும் அந்த ஒரு அடியும்

ரிங் என்பது இரும்புச் சட்டம், மேலே பலகை, மெல்லிய பஞ்சு மெத்தை, கன்வஸ் துணி. பக்கத்துக்கு 20 அடி, நான்கு கம்பம், மூன்று கயிறு. முதலில் ஒரு பெட்டியாகக் கீறி, கண்மட்டத்தை முடிவு செய்துவிட்டுத்தான் ஆட்களை உள்ளே விடுங்கள். கயிறு மூன்றும் ஆளுக்கு முன்னால் போகிறதா பின்னால் போகிறதா என்பதைப் பென்சிலிலேயே முடிவு செய்யுங்கள். மையிட்ட பிறகு கயிற்றைத் திருத்துவது தலைவலி.

சில்வர்டோம் போட்டியைப் பல தரம் பாருங்கள். ஏறக்குறைய 12 நிமிடம்தான். ஹோகன் தொடக்கத்திலேயே தூக்கப் பார்க்கிறார், பாரம் தாங்காமல் அந்த்ரே அவர் மேல் விழுகிறார், அங்கேயே முடிந்திருக்கும். பிறகு இரண்டு கையாலும் உடம்பைக் கட்டி இறுக்கும் அந்த்ரேயின் நீண்ட கரடிப்பிடி, ஹோகனின் கை தொங்குகிறது. கடைசியில் தூக்கல், விழுந்து கிடப்பவர்மேல் காலால் ஒரு இறக்கு, நடுவரின் மூன்று எண்ணல். முன்பே பார்த்த தோல்விதான் பின்வரும் தூக்கலுக்குப் பாரம் கொடுக்கிறது. அதை விட்டுவிட்டு நேரே தூக்கலைக் கீறினால் வாசகருக்கு ஒன்றும் தோன்றாது.

14, 15-ஆம் பக்கங்களைச் சிறு கட்டங்களால் நிரப்புங்கள்: விரல், கன்வஸில் பதியும் சப்பாத்து, நடுவரின் வாய், அந்த்ரேயின் முதுகுப் பட்டி இருக்கும் இடம். கரடிப்பிடியை ஒரே கோணத்தில் நாலு தரம் திரும்பக் கீறுங்கள், மாறுவது ஹோகனின் கை மட்டும். புரட்டினால் 16, 17 முழுவதும் ஒரே படம். விழும் கணத்தைக் கீறாதீர்கள், காற்றில் கிடைமட்டமாக நிற்கும் கணம்தான் வேண்டும். அந்தக் கணத்தில் அந்த்ரேயின் வலக்கை எங்கே இருக்கிறது என்று வீடியோவில் பாருங்கள். தன் உடம்பை இன்னொருவர் தூக்குவதற்கு அவர் சம்மதித்திருக்கிறார். அந்தச் சம்மதம் இல்லாமல் 500 இறாத்தலைத் தாண்டியதாகச் சொல்லப்பட்ட ஒருவரை யாரும் அப்படித் தூக்க முடியாது. இந்த ஒரு படத்தில் மட்டும் மூன்று கோடும் கலக்கலாம்: ஹோகன் போஸ்டர், அரங்கு பிரஷ், அந்த்ரேயின் முகம் மட்டும் மெல்லிய பேனை.

படி 8: தமிழ் எழுத்தும் பேச்சும்

பேச்சுக் குமிழியை முதலில் கீறி எழுத்தைப் பிறகு திணிப்பதுதான் நம்மவர்களின் நிரந்தர வியாதி. தமிழ்ச் சொல் நீளம். “தூக்கியடித்துவிட்டிருக்கிறார்” என்று ஒரே சொல் கட்டத்தின் முழு அகலத்தையும் தின்னும். எனவே எழுத்து முதல், குமிழி பிறகு, ஆள் மூன்றாவது. ஒரு குமிழிக்குள் பன்னிரண்டு சொல்லுக்கு மேல் வேண்டாம். சொல்லை நடுவில் உடைத்து அடுத்த வரிக்குத் தள்ளாதீர்கள், சொல்லை மாற்றி எழுதுங்கள். கையெழுத்து அழகானவர்கள் கையாலேயே எழுதலாம். கணினி எழுத்தென்றால் கவிவாணர், பாலூ தம்பி, மீரா இனிமை எல்லாம் இலவசம். ஏ-5 பக்கத்தில் 9 புள்ளிக்குக் கீழே இறங்கினால் ணு, ழு, று ஆகியவற்றின் சுழிகள் போட்டோக்கொப்பியில் அடைபட்டுவிடும்.

பிரெஞ்சுக்காரரும் அமெரிக்கரும் எந்தத் தமிழில் பேசுவார்கள்? சினிமா டப்பிங் தமிழ் தயவுசெய்து வேண்டாம். நான் செய்வது: மைக்கில் பேசும் அறிவிப்பாளருக்கும் மேடைச் சவாலுக்கும் மட்டும் செந்தமிழ், அடுக்குமொழி, “எட்டாவது உலக அதிசயம்” என்ற மாதிரி. உடைமாற்றும் அறையிலும் ஹோட்டலிலும் சாதாரணப் பேச்சு. கோடு பிரித்ததை மொழியும் பிரித்துக்காட்டும். அந்த்ரே எல்லோரையும் “பொஸ்” என்றுதான் கூப்பிடுவாராம். அதை அப்படியே விடுங்கள், நம் பெடியன்களும் அப்படித்தானே கூப்பிடுகிறார்கள்.

சத்தத்துக்கு ஆங்கில எழுத்து தேவையே இல்லை. நெஞ்சில் அறைந்தால் பளார், பலகைமேல் விழுந்தால் தடார், பாரமான உடம்பு மெத்தையில் அமுங்கினால் தொம். ரிங்குக்கு வெளியே உள்ள பக்கங்களில் சத்தச் சொல்லே போடாதீர்கள்.

படி 9: தாள், மை, அச்சு

இது சுருக்கமாக. பிறிஸ்டல் போட் அட்டை நகரில் எந்தப் புத்தகக் கடையிலும் கிடைக்கும், மை ஊறாது. அச்சளவை விட ஒன்றரை மடங்கு பெரிதாகக் கீறுங்கள், சுருக்கும்போது கோடு இறுகும். மாரிக்காலத்தில் கடற்காற்றின் ஈரத்துக்கு அட்டை வளையும், மை காய மணிக்கணக்காகும், ஆகவே மையிடும் வேலையை மாசிக்குப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள். கச்சான் காற்று தொடங்கினால் நாலு மூலைக்கும் பாரம் வைக்க வேண்டும், வேறு கஷ்டமில்லை.

வெறும் கறுப்புக் கோட்டை 600 டிபிஐயில் ஸ்கேன் செய்யுங்கள். போன் கமராவில் எடுத்தால் மூலை இருண்டு கோடு வளையும். துடைக்கவும் கறுப்பு நிரப்பவும் கிரிட்டா, எழுத்து வைக்க இங்க்ஸ்கேப், இரண்டும் காசில்லை. இங்க்ஸ்கேப்பில் தமிழ் கொம்பும் காலும் இடம் மாறாமல் வரும். முதற்பதிப்புக்கு போட்டோக்கொப்பியும் நீளக்கை ஸ்டேப்ளரும் போதும். முதலில் வெறும் தாளை மடித்து 1 முதல் 32 வரை எண் போட்டு ஒரு மாதிரிப் புத்தகம் செய்து கடைக்காரரிடம் கொடுங்கள். வாயால் சொன்னால் பக்கம் தலைகீழாக வரும்.

படி 10: உரிமை

நடந்த சம்பவங்கள் யாருக்கும் சொந்தமில்லை, அவற்றைப் பிடித்த புகைப்படமும் ஒளிபரப்பும் சொந்தம். வீடியோவை நிறுத்திவைத்து அப்படியே ஒற்றிக் கீறாதீர்கள். பல கோணத்தில் பார்த்து, யாரும் படம்பிடிக்காத கோணத்திலிருந்து கீறுங்கள், அதுதான் நல்ல ஓவியமும் கூட. கம்பனி இலச்சினையை அட்டையில் போட வேண்டாம். இலங்கையில் இதற்குரியது 2003-ஆம் ஆண்டின் 36-ஆம் இலக்க புலமைச் சொத்துச் சட்டம். நீங்கள் கீறியதும் அதே சட்டத்தால் உங்களுக்குச் சொந்தம். விற்பதாக இருந்தால் கொழும்பிலுள்ள தேசிய நூலக ஆவணவாக்கல் சேவைகள் சபையில் ஐஎஸ்பிஎன் எடுத்துக்கொள்ளுங்கள்.

படி 11: அச்சுக்கு முன் ஒரு சோதனை

இரண்டு பேரிடம் கொடுங்கள். ஒருவர் ரெஸ்லிங் வெறியர், மற்றவர் அதை ஒருபோதும் பார்க்காதவர், உங்கள் அம்மாவோ சின்னம்மாவோ என்றால் மிக நல்லது. இருவரிடமும் ஒரே கேள்வி: “இந்தக் கட்டம் நடந்ததோ, சொன்னதோ?” விரலை வைத்துக் காட்டச் சொல்லுங்கள். வெறியர் வாதாடுவார், 93,173 சரியென்று சண்டைக்கு வருவார், வரட்டும். பார்க்காதவர் எந்தக் கட்டத்தில் தடுமாறுகிறாரோ அங்கே உங்கள் கோடு குழம்பியிருக்கிறது. அந்தப் பக்கத்தை மட்டும் திரும்பக் கீறிவிட்டுக் கடைக்குக் கொண்டுபோங்கள்.